அறுத்த வயலில் தண்ணீர்

தையற்காரரின் மனைவி தன் வயலை அறுத்த மறுநாளே அதில் தண்ணீர் கட்டினாள்.

யாரும் செய்யாத வேலை. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே வயலை வடித்துக் காயவிடுவார்கள். அறுத்த பிறகு, இருக்கிற ஈரம் போவதற்குள் பயறு தெளிப்பார்கள். இவள் பயறு தெளிக்கவில்லை. வடிகால் மடையில் மண் நிரப்பிய சாக்கை இறக்கி, மேலே சேற்றை அப்பி, மிதித்து அடைத்தாள். வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டாள். மூன்றாம் நாள் அறுத்த நெல்லின் அடித்தாள்களுக்கு நடுவே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

"இது என்ன கூத்து?" என்று கேட்டவர்களிடம், "தாள் அழுகட்டும், உரம்" என்றாள்.

"பயறு போடலியா?"

"பயறு எங்களுக்கு ஒத்துக்கல. வாயு."

சிரித்துவிட்டுப் போனார்கள். அவளும் சிரித்தாள்.

வயல் வேலை முழுக்க அவளுடையது. கணவர் கடைத்தெருவில் ஒற்றை அறையில் தையல் மிஷின் போட்டிருந்தார். காதில் சாக்குக்கட்டி, கழுத்தில் டேப். செருப்பில் சேறு பட்டால் முகம் சுளிக்கிற மனிதர். நிலத்தைப் பிரித்தபோது அவருடைய அண்ணன் உள்வயலை எடுத்துக்கொண்டு, "ரோட்டோரம் தம்பிக்கு" என்றார். ரோட்டோரம் புழுதி அடிக்கும், ஆடு இறங்கும். தம்பி தலையாட்டினார். ஒன்று மட்டும் அண்ணன் யோசிக்கவில்லை. உள்வயலுக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால், பின்னால் ஆற்றுக்கரை. எந்த அறுப்பு வண்டி வந்தாலும் தம்பியின் வயலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அதனால் ரோட்டோரத்தை முதலில் அறுப்பது, அந்த வெறும் தாளின் மேல் வண்டியை உள்ளே விடுவது என்று பல வருஷமாக நடந்துவந்தது.

போன வருஷம் அறுப்பு நாளில் மேற்கே கறுத்தது. பெல்ட் வண்டி ஒன்றுதான் கிடைத்தது. சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடுகிற வண்டி, ஈரத்துக்கு அதுதான் தாங்கும். அண்ணன் வரப்பில் நின்று டிரைவருக்குக் கையைக் காட்டினார். வண்டி அவளுடைய நிற்கிற நெல்லின் மேலேறி, நசுக்கிக்கொண்டு, உள்வயலுக்குப் போனது. அவள் ஓடிவந்தபோது அங்கே பாதி அறுத்தாகிவிட்டது. முடிந்ததும் வண்டி வந்த தடத்திலேயே திரும்பியது. தூறல் விழுந்துவிட்டது, இனி முடியாது என்றான் டிரைவர். "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா" என்றார் அண்ணன், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு.

ஐந்து நாள் மழை. நெல் படுத்தது, படுத்த இடத்திலேயே முளைத்தது. ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர்கள் கடையில் அரிசி வாங்கினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இந்த வருஷம் அவள் தொண்ணூறு நாள் நெல் போட்டாள். அண்ணன் வழக்கம்போல நூற்று முப்பத்தைந்து நாள் நெல். அவளுடையது நல்ல வெயிலில் அறுபட்டு வீடு சேர்ந்துவிட்டது. அவருடைய நெல் ஒரு மூட்டைகூட வீடு சேரக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு ஒரு வருஷப் பயறை விடத் தயாராக இருந்தாள்.

தண்ணீர் கட்டி ஒரு மாதம் கழித்து அண்ணன் தையல் கடைக்கு வந்தார். வெட்டுத்துணி கிடந்த ஸ்டூலைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"உன் பொண்டாட்டிகிட்ட தண்ணிய வடிக்கச் சொல்லுடா. என் அறுப்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

தம்பி வீட்டுக்கு வந்து சொன்னார்.

"ஏன், அவருக்கு வாய் இல்லியா?"

"அண்ணன் மன்னிப்பு கேட்டா விட்டுடுவியா?"

"மன்னிப்பை உலையில போட முடியுமா?"

அவர் ஊசியில் நூல் கோக்கிறவர்போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மறுநாள் காலை அண்ணனே வரப்புக்கு வந்தார். அவள் வரப்போரத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மடையத் திறந்து விடு."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? வண்டி வர வேணாமா?"

"போன வருஷம் நெல்லு மேலயே வந்துச்சே. தண்ணிக்கா பயப்படுது?"

"அது அந்த டிரைவர் பண்ணுன வேலை."

"கை காட்டுனது யாரு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "குடும்பத்துக்குள்ள இதெல்லாம் பாக்கலாமா?"

"குடும்பம்னு வண்டி ஏத்துறப்பவே ஞாபகம் வந்திருக்கணும் மாமா."

"நான் வண்டிய இறக்கத்தான் போறேன். நீ என்ன கிழிக்கிறேன்னு பாக்கறேன்."

"நான் எதையும் கிழிக்கல. களைதான் வெட்டறேன்."

பத்தாம் நாள் பெல்ட் வண்டி வந்தது. மேற்கே அன்றைக்கும் கறுத்திருந்தது. டிரைவர் புது ஆள். கால்சட்டையைச் சுருட்டிவிட்டு வயலில் ஒரு கால் வைத்தான், முழங்கால் வரை போயிற்று. நாற்பது நாளுக்கு மேல் ஊறிய மண்.

"அக்கா, இதுல வண்டி இறங்குமா?"

"இறங்கும் தம்பி. ஏறாது."

அவள் உள்ளதைத்தான் சொன்னாள். டிரைவர் அண்ணனைப் பார்த்தான்.

"அவ அப்படித்தான் சொல்லுவா. சேத்துல போறதுக்குத்தானே பெல்ட் போட்டிருக்கான்?"

"சேத்துல போகும் ஐயா. இது பசை."

"எதுவானாலும் நான் பொறுப்பு. ஏறு."

முப்பதடி போயிருக்கும். பட்டை சுழன்றது, வண்டி நகரவில்லை. டிரைவர் பின்னால் எடுத்தான். இன்னும் இறங்கியது. வயிறு சேற்றில் உட்கார்ந்து, நெல் சேரும் டேங்க் இருக்கிற பக்கம் மெல்லச் சாய்ந்தது. எஞ்சினை அணைத்ததும் தண்ணீர் குமிழியிடும் சத்தம் மட்டும் கேட்டது.

வண்டி புதைய வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. வராமல் நின்றாலே போதுமாக இருந்தது. இது கொசுறு.

"அக்கா, மடையத் திறங்க அக்கா. என் பொழப்பு உள்ள நிக்குது" என்றான் டிரைவர்.

உடனே போனாள். அவனிடம் அவளுக்கு என்ன விரோதம்? மண்வெட்டியால் சாக்கைக் கிளப்பி இழுத்தாள். தண்ணீர் வடிந்தது. சேறு இறுகத்தான் நாள் வேண்டும். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் இரண்டு டிராக்டர் வைத்து இழுத்து வண்டியை ரோட்டில் ஏற்றினார்கள். ஒரு பட்டை கிழிந்திருந்தது. டிரைவர் உள்வயல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பினான்.

அண்ணன், அவர் மனைவி, இரண்டு மகன்கள் எல்லாரும் அரிவாளோடு உள்வயலில் இறங்கினார்கள். ஆள் கிடைக்கவில்லை, தண்ணீரில் குனிய யார் வருவார்கள்? தையற்காரரும் கடையைப் பூட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வரப்பில் நடந்து போனார்.

அவள் குடையோடு போய் வரப்பில் நின்றாள். மழையில் படுத்த கதிரைச் சேற்றிலிருந்து பிடித்துத் தூக்கி அறுக்க வேண்டியிருந்தது. தூக்கிய கதிரில் வெள்ளை முளை. ஓரகத்தி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேடிக்கை பாக்க வந்தியாடி? நல்லா இரு."

"நல்லாத்தான் இருக்கேன் அக்கா. நீங்க குனிங்க, நேரமாகுது."

அன்று சாயங்காலம் வரை அவள் அங்கேயே நின்றாள். கால் மாற்றி மாற்றி நின்றாள். உட்காரவில்லை.

கணவர் வீட்டுக்கு வந்தபோது கட்டைவிரலில் வெட்டு. துணி பிடிக்கிற விரல். அவள் வெந்நீர் வைத்துக் கழுவினாள், மஞ்சள் வைத்தாள், கத்தரித்த லைனிங் துணியால் சுற்றினாள்.

"எவ்வளவு தேறும்?"

"முளைச்சது, அழுகினது போக மூணுல ஒரு பங்கு தேறும்போல."

அவள் கை நின்றது.

"ஒரு பங்கு தேறுமா?"

"மேட்டுப் பக்கம் படுக்கல. நிக்குது."

"அதை அறுத்தாச்சா?"

"இல்ல. நாளைக்குக் காலைல."

முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். கூரைக்கு வெளியே கையை நீட்டினாள். ஒரு சொட்டும் விழவில்லை. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.