தண்ணீரோடு நடந்த எங்கள் அக்கா

அக்காவின் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் சொந்தபந்தம். மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு நடந்தவர்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டத்துக்கும் தம்பியாகிய நான் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது காரைக்காலை அடுத்த பூவம் கிராமத்தில், நெல் சாகுபடி செய்த குடும்பத்தில். படித்து முடித்து, காரைக்காலில் அரசு அலுவலக வேலையில் சேர்ந்தார். அத்தான் இளவயதிலேயே இறந்துவிட்டார், குழந்தையும் இல்லை. இனி அக்கா மூலையில் முடங்கிவிடுவார் என்று பயந்தோம். அவரோ நடக்கத் தொடங்கினார்.

புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த அலுவலக நண்பர் ஒருவர், "அரசலாறு எங்க மேடம் கடல்ல சேருது?" என்று கேட்டிருக்கிறார். தினமும் அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வேலைக்கு வருகிறவர் அவர். அடுத்த ஞாயிறே அவரைக் குடும்பத்தோடு கரை வழியாக முகத்துவாரம் வரை நடத்திக் கூட்டிப்போனார் அக்கா. பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. வரப்பில் செருப்பைக் கழற்றத் தயங்கினால், "சேறு கடிக்காது சார், கடிச்சா நான் கேக்குறேன்" என்பார். முடிவில் எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் உண்டு.

வருடத்தில் ஒரு நடைதான் அவருக்குத் திருவிழா. நம் ஊர் காவிரியின் கடைமடை. அணை திறந்து, ஊரெல்லாம் பாய்ந்து மிஞ்சியதுதான் நமக்கு. அந்த முதல் தண்ணீர் பூவத்து வாய்க்காலுக்கு வரும்போது டவுன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கரையில் அதன் கூடவே நடப்பார். தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும், வெடிப்புகளில் இறங்கி நிரம்பி, அப்புறம்தான் நகரும். யாராவது முந்தி நடந்தால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும்.

இந்த வருடம் வயிற்றில் வந்த நோய் அவரைப் படுக்கையில் போட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அணை திறந்த செய்தி டிவியில் வந்த நாளிலிருந்து, பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா கேட்டது ஒன்றுதான்: "வந்துடுச்சா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துப் போனது. தண்ணீரை நாங்கள் எங்கே போய் இழுத்து வருவது?

ஒரு ஞாயிறு, நடை நண்பர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது பக்கத்து வீட்டு அம்மா தெருவில் குரல் கொடுத்தார்: "தண்ணி வந்துடுச்சு!"

அவர் சொன்னது தெருக் குழாயை. அக்கா கண்ணைத் திறந்தார். முகம் அப்படி மலர்ந்து பல மாதம் ஆகியிருந்தது.

"என்ன உக்காந்துருக்கீங்க எல்லாரும்? கெளம்புங்க. தம்பி, நீ கூட்டிட்டுப் போடா. தண்ணிய முந்தாதீங்க, கூடவே போங்க."

"அது கொழாய்த் தண்ணி, அக்கா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதுச்சேரி நண்பர்தான் முதலில் எழுந்தார். அக்காவோடு என் மனைவி இருந்துகொள்ள, மற்ற எல்லோரும் பூவத்துக்குப் போனோம்.

வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "இப்ப என்னங்க செய்யுறது?" என்றார் நண்பர். பிறகு அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் மெல்ல நடந்தார். இல்லாத தண்ணீரை முந்தாமல் நாங்களும் பின்னால் நடந்தோம். நான் வாய்விட்டு அழுதேன். பாதி வழியில் மனைவியின் போன் வந்தது. "இப்ப எங்க வந்துருக்கும்?" என்று அக்கா கேட்டாராம். "மதகைத் தாண்டியிருக்கும் அண்ணி" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதன்பின் அக்கா பேசவில்லை.

கடைசிவரை வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும், காய்ந்த கரையில் கூட நடந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. "நான் கொழாயத்தானே சொன்னேன்" என்று இன்னும் அழுகிற பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தனியாக நன்றி. அக்காவின் முகத்தை ஒருமுறை மலர வைத்தவர் அவர்தான்.

இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை பூவத்துக்குத் தண்ணீர் வரவில்லை. வந்தால் சொல்லுங்கள் என்று நடை நண்பர்கள் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வேண்டியவன் இனி நான்தான். "தண்ணி வந்துடுச்சு" என்று யாரிடமாவது சொல்ல என்னால் முடியுமா என்று தெரியவில்லை.