மீட்டர் பொய் சொல்லவில்லை

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் வரும் பொய் அலாரங்களை அணைத்து அணைத்தே பழகிய கை. அந்தப் பழக்கம் படகிலும் கூடவே வந்துவிட்டது.

மீன் பிடிக்க வாங்கிய பழைய படகுக்குப் புது புரொப்பல்லர் மாட்டினேன். வேகம் கூடட்டுமே என்று, படகின் பின்பக்கம் தொங்கும் இன்ஜினையும் ஓர் அங்குலம் உயர்த்தினேன். மறுநாள் மனைவி உமாவுடன் ஆற்றில் போகும்போது, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் பிரஷர் மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"என்னங்க, இன்ஜின்லேருந்து பின்னாடி பீச்சிக்கிட்டிருந்த தண்ணியும் நின்னுடுச்சு. போட்டை நிறுத்துங்க."

"சென்சார் ப்ராப்ளம்தான் உமா. இக்னோர் பண்ணு" என்றேன்.

ஐந்தே நிமிடத்தில் இன்ஜின் சூடேறி அணைந்தது, சரக்குக் கப்பல்கள் போகும் பாதையின் நடுவில். வளைவில் ஒரு கப்பல் ஹாரன் அடித்தபடி வந்தது. படகின் முன்பக்கம் இருந்த சின்ன பேட்டரி மோட்டாரால் எப்படியோ ஊர்ந்து ஒதுங்கினோம். கப்பல் கிளப்பிய அலையில் உமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஜினை உயர்த்தியதால், அது தண்ணீரை உறிஞ்சும் துளைகளில் காற்று புகுந்திருக்கிறது. பழைய உயரத்துக்கே இறக்கிவிட்டேன். இப்போது தண்ணீர் பீச்சுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளம்புகிறேன். முள் இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.

தனியாகத்தான் போகிறேன். உமா அதன்பிறகு படகில் ஏறவே இல்லை.