ஊசி தொடங்கிய பிறகு ஏறிய நிறை

இன்சுலின் ஊசி போடத் தொடங்கிய பிறகுதான் என் உடம்பு கண்டபடி பெருத்தது. அதற்கு முன் பல வருடம் விழுங்கியது குளிசைதான். குளிசைக்குச் சீனி அடங்கவில்லை என்று ஊசிக்கு மாற்றினார்கள். சீனி இறங்கியது, நிறை ஏறியது. கிளினிக்கில் தராசில் ஏறும்போதெல்லாம் முள் போன முறையைவிடக் கொஞ்சம் தள்ளியே நிற்கும்.

நான் வட்டக்கச்சியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். விடிய முன்னம் எழும்பி மாக் குழைத்துப் பிழிந்து அவித்து முடிக்க இடுப்பு விட்டுப்போகும். கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். எனக்குக் காலையில் குரக்கன் பிட்டும் கீரையும். மத்தியானம் கொஞ்சச் சோறு, மிச்சம் முழுக்க மரக்கறி. தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது. இவ்வளவு செய்தும் சட்டைகள் ஒவ்வொன்றாக இறுகின.

நடக்கச் சொன்னார்கள். இடியப்ப வேலை முடிந்த கையோடு, ஊசியைப் போட்டு, சாப்பிடாமலே, வெயில் ஏற முன்னம், வாய்க்கால் கட்டு வழியே நடந்தேன். வயல் பார்க்கப் போகிற ஒருவர் என்னைக் காணும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக்குவார். "அக்கா, இன்னும் கெதியா நடந்தாத்தான் கொழுப்புக் கரையும்," என்பார். அவருடைய வயிறு சைக்கிள் ஹான்டிலில் முட்டிக்கொண்டிருக்கும். அவரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போதே கைகால் நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. கண் மங்கி, வாய்க்கால் கட்டு மேலேயே குந்திவிட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண் ஓடிவந்தாள். சீனி போட்ட ஏதாவது தரச் சொன்னேன்.

"உங்களுக்குச் சீனி வருத்தமெல்லோ? குடுக்கலாமோ?" என்று தயங்கினாள்.

"குடுக்காட்டித்தான் செத்துப்போவன். தாங்கோ!"

சீனி கரைத்த தண்ணீரைக் குடித்த பிறகுதான் உலகம் திரும்பி வந்தது. அதன் பிறகும் பல நாள் இதே கதை. நடந்தால் சீனி இறங்கும், இறங்கினால் இனிப்புச் சாப்பிட வேண்டும். நடந்து கரைத்ததை அந்த இனிப்பிலேயே திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். நடக்காமல் விடவும் பயம், நடக்கவும் பயம்.

அடுத்த கிளினிக்கில் முள் மேலும் தள்ளி நின்றது. நிறை பார்த்த தாதி, முறைக்குக் காத்து வாங்கில் குந்தியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "அம்மா, திரும்பவும் கூடிட்டுது. இடியப்பம் அவிக்கிறனீங்கள்தானே? கை அவிக்க, வாய் சும்மா இருக்குமே?"

வாங்கில் சிரிப்பு எழுந்தது. மற்ற நாட்களில் நானும் சேர்ந்து அசடு வழிந்திருப்பேன். அன்று முடியவில்லை.

"மிஸ், நகைக்கடையில வேலை செய்யிறவை எல்லாரும் நகை களவெடுக்கினமோ?" என்று கேட்டேன். "நான் களவாச் சாப்பிடேல்லை. பட்டினி கிடந்து நடந்து மயங்கி விழுறன். அதை எழுதுறதுக்கு உங்கட கிளினிக் அட்டையில இடம் இருக்கோ?"

சிரிப்பு நின்றது. தாதி அடுத்தவரைக் கூப்பிட்டா. நான் தலை குனியவில்லை.

டொக்டர் அறைக்குள் போனபோதும் அந்தச் சூடு ஆறவில்லை. டொக்டர் ஒரு இளம் பெண். மயக்கம் வருவதைச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தா.

"ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லை, டொக்டர். எல்லாரும் நிறையைத்தான் கேக்கினம்."

அவா எப்போது ஊசி, எப்போது சாப்பாடு, எப்போது நடை என்று விசாரித்தா. பிறகு சொன்னா: "இன்சுலின் போட்டாச் சில பேருக்கு நிறை கூடும். அது உங்கட பிழை இல்லை. உங்களுக்கு ஊசியின்ர அளவும் கூடிப்போச்சு. குறைச்சுத் தாறன். இனி வெறும் வயித்தோட நடக்க வேண்டாம்."

உங்கட பிழை இல்லை. இதை எனக்குச் சொல்ல ஒருவருக்கும் இத்தனை காலம் தோன்றவில்லையே என்று ஆத்திரம்தான் வந்தது. கண்ணும் கலங்கியது.

அதன் பிறகு மயக்கம் வரவில்லை. நிறை கொஞ்சம் இறங்கி, ஓரிடத்தில் வந்து அடம்பிடித்து நின்றுவிட்டது. இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. சில நாள் தராசைத் தூக்கி வாய்க்காலுக்குள் எறியலாம் போல இருக்கும். ஆனால் சீனி சொன்னபடி கேட்கிறது, காலில் முந்தின விறைப்பு இல்லை. வாய்க்கால் கட்டின் கடைசி மதகுவரை நிற்காமல் நடக்கிறேன்.

அண்மையில் ஸ்கந்தபுரத்தில் ஒரு கலியாணவீடு. பந்தியில் பக்கத்தில் இருந்த சொந்தக்காரி என் இலையை எட்டிப் பார்த்தா.

"இவ்வளவு நடந்தும் இன்னும் மெலியேல்லையே? சோறு போட்டிருக்கிறியள்?"

"ஓம், மெலியேல்லை. சோறும் போட்டிருக்கிறன்," என்றேன். "எனக்கு அளவு தெரியும். நீங்கள் உங்கட இலையைப் பாருங்கோ."

பருப்பை ஊற்றிக் குழைத்து, என் அளவுச் சோற்றை ஆறுதலாகச் சாப்பிட்டேன்.