எம்.எஸ்ஸி. வகுப்பும் சேலத்துத் தங்கையும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜிக்கு எம்.எஸ்ஸி. வகுப்பு தொடங்கிய வரலாற்றை ஒரு விழா மலரில் யாரோ எழுதியிருந்தார்கள். வைஸ் சான்சலரின் தொலைநோக்கு, நிர்வாகக் குழுவின் தாராள மனம் என்று ஒரு பக்கத்துக்கு ஓடியது. படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வகுப்பு முதல் வருஷம் முழுக்க நான் சொன்ன ஒரு பொய்யின் மேல்தான் நின்றது. இதைச் சொல்ல இப்போது எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. திட்ட வேண்டியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

யுத்தம் முடியும் தறுவாயில் இருந்த காலம். நான் அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர். பேராசிரியர் பாடம் சொல்வார், நான் கல்லை எடுத்துக் காட்ட வேண்டும். அதுவும் தற்காலிக வேலை. கோடை விடுமுறைக்கு முன்னால் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்.

"எம்.எஸ்ஸி.க்கு அனுமதி வந்துடுச்சு. ஆனா மூணு பேர் சேரணும். முதல் வருஷப் பரீட்சை வரைக்கும் மூணு பேரும் இருக்கணும். ஒருத்தன் குறைஞ்சாலும் வகுப்பை மூடிடுவாங்க. வகுப்பு இல்லேன்னா உமக்கும் வேலை இல்லை. ரெண்டு விண்ணப்பம் வந்திருக்கு. மூணாவது ஆளை நீர்தான் புடிச்சுக்கிட்டு வரணும்."

என்னை ஏன் சொன்னார் என்றால், நான் பெரம்பலூர்க்காரன். அரியலூர்ப் பக்கம் பட்டதாரிகள் யாராவது சும்மா இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார். எனக்கோ பெரம்பலூரிலேயே யாரையும் தெரியாது. நான் இண்டர்மீடியட் படிக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. வீடு பங்காளிகள் கைக்குப் போய்விட்டது. ஊருக்குப் போனால் பஸ் நின்ற இடத்திலேயே ஒரு காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். அதனால் எனக்கு விடுமுறை என்ற சொல்லே பிடிக்காது.

அரியலூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். அந்த ஊரைச் சுற்றி எந்த ஓடையில் இறங்கினாலும் கல்லாய்ச் சமைந்த சங்கும் சிப்பியும் கிடைக்கும். ஒரு யுகத்தில் அது கடல். புது வகுப்பு மாணவர்கள் வந்து தங்கி, ஓடை ஓடையாய் அலைந்து படிப்பதற்காகத்தான் அந்த வீடு. பேராசிரியருக்கு ஆசை பெரிது. பத்துப் பாய், பத்துத் தட்டு, பத்து லோட்டா வாங்கச் சொல்லியிருந்தார். அத்தனைக்கும் நடுவில் நான் ஒருத்தன். தினம் ஒரு தட்டில் சாப்பிட்டேன். ஒரே தட்டை எடுத்தால் மற்றது கோபித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பேச்சுத் துணை இல்லாதவன் புத்தி அப்படித்தான் போகும்.

யார் பட்டதாரி என்று யாரைக் கேட்பது? கடைசியில் தபால்காரரைக் கேட்டேன். கடித உறையில் பெயருக்குப் பின்னால் எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவருக்குத்தானே தெரியும். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "உடையார்பாளையத்தத் தாண்டி ஒரு பெரிய வூடு இருக்கு சார். அந்த வூட்டுப் புள்ள பி.எஸ்ஸி. முடிச்சுட்டுச் சும்மாதான் இருக்கு" என்றார்.

மறுநாளே கிளம்பினேன். அப்போது பெட்ரோல் கிடையாது, கரி கேஸில் ஓடும் பஸ். மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். கை முகம் எல்லாம் கரியோடு போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் நிலபுலன் நிறைய உள்ள மனிதர். ஐம்பது வயது இருக்கும், நல்ல ஆகிருதி. முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"உங்க பையன் பி.எஸ்ஸி. முடிச்சுட்டு வீட்டுல இருக்கார்னு கேள்விப்பட்டேன். அதான் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே பார்த்து ஏதோ ஜாடை காட்டினார். நான் எனக்கு வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். எந்த வகுப்பில் தேறினார், கண் பார்வை எப்படி, வெயிலில் அலைந்தால் தாங்குகிற உடம்புதானா, உடனே சம்பாதித்தாக வேண்டிய நெருக்கடி ஏதும் உண்டா.

"அவன் சம்பாரிச்சுத்தான் இந்த வூட்டுல அடுப்பு எரியணும்னு இல்லைங்க" என்றார் அவர்.

"ரொம்ப நல்லதுங்க. எங்களுக்கு மொத்தம் மூணு. ரெண்டு முடிவாயிடுச்சு. மூணாவதுதான் பாக்கி. அதுக்கு உங்க பையன் அமைஞ்சா எங்க கவலை விட்டுது."

"மூணாவதுதான் கடைசிங்களா?"

"ஆமாங்க, அதோட சரி."

தட்டு நிறையக் கேசரி வந்தது. சர்க்கரைக்கு ரேஷன் இருந்த நாளில் அப்படி ஒரு கேசரி. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம், அடக்கிய சிரிப்பு. படிப்புக்கு இந்த வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கிப் போயிற்று. புறப்படும்போது என் அரியலூர் விலாசத்தை வாங்கிக்கொண்டு, மஞ்சள் தடவிய ஒரு காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்து, "நல்ல நாள் பாத்துப் பிரிங்க தம்பி" என்றார். பட்டச் சான்றிதழின் நகல் என்று நினைத்துப் பையில் வைத்தேன். பஸ்ஸில் பிரித்தேன். பன்னிரண்டு கட்டம் போட்ட ஜாதகம்.

மடையன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திரும்பிப் போய் விளக்கம் சொல்லவும் வெட்கம். அப்படியே இரண்டு நாள் கிடந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பையனே சைக்கிளில் வந்து இறங்கினான். என்னைவிட நாலைந்து வயது இளையவன். உட்காருவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டேன் சார். நீங்க காலேஜ் ஆளுன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்ப்பா வாயைத் திறக்கலை?"

"எனக்குப் படிக்கணும் சார். அப்பாகிட்ட கேட்டா, மாஸ்டர் டிகிரி வாங்கிப் பள்ளிக்கூட மாஸ்டரா போகப்போறியா, நெலத்தப் பாருங்கறார். அதான் பொண்ணு வூட்டுல எம்.எஸ்ஸி. படிச்ச மாப்பிள்ளைதான் வேணும்னு கேக்குறாங்கன்னு சொல்லிட்டேன். சரி, படிச்சுத் தொலைங்கறார். உங்ககிட்ட கேட்டார்னா ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அந்தக் காகிதம்தான் என் வேலை, என் சோறு. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தகப்பனார் வந்தார். பத்துப் பாயையும் பத்துத் தட்டையும் பார்த்துவிட்டு, "பெரிய குடும்பங்களா?" என்றார்.

"இது மாணவர்களுக்குங்க."

"பொண்ணு வூட்டுல மேல்படிப்பு கேக்குறாங்களாம், நெசந்தானா?"

"ஆமாங்க."

"பொண்ணு உங்களுக்கு என்ன முறையாவுது?"

இந்தக் கேள்விக்குப் பையன் பதில் சொல்லித் தரவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று: "தங்கச்சிங்க."

அதற்கப்புறம் அவர் கேட்கக் கேட்க அவள் வளர்ந்தாள். சேலத்துப் பக்கம் சித்தி வீட்டில் இருக்கிறாள். பதினெட்டு வயது. எட்டாவது வரை படித்திருக்கிறாள். போய்ப் பார்க்கலாமா என்றார். சித்திரை பிறக்கும்வரை பெண் பார்க்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார் என்றேன். பரீட்சை பங்குனியில். ஜோசியர் என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "உங்களுக்குக் கல்யாணம் ஆவலியா தம்பி?" என்று கேட்டார். "தங்கச்சிக்கு முடியட்டுங்க" என்றேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

வகுப்பு தொடங்கிற்று. பேராசிரியருக்கு மாலை போட்டோம், மூன்று மாணவர்களோடு போட்டோ எடுத்தோம். வாரத்தில் மூன்று நாள் நான் பல்கலைக்கழகத்தில், மற்ற நாட்களில் அரியலூர் வீட்டில் கற்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டு. பையன் கெட்டிக்காரன், மற்ற இரண்டு பேரும் அவனைப் பார்த்துத்தான் எழுதினார்கள். ஊருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் அவன் கையில் ஒரு தூக்கு இருக்கும்.

"அம்மா குடுத்தாங்க சார். உங்க தங்கச்சிக்காம்" என்று சிரிப்பான். அவனுக்கு அது விளையாட்டு.

எனக்கும் முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு. கார்த்திகைக்குப் பொரி உருண்டை. தங்கச்சிக்கு என்ன பிடிக்கும் என்று அவன் அம்மா கேட்டனுப்ப, முந்திரி உருண்டை என்று சொல்லியனுப்பினேன்; மாதாமாதம் அதுவும் வந்தது. பத்துத் தட்டில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன். அம்மா போனபிறகு எனக்கென்று யாரும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்தது கிடையாது. இது எனக்கென்று செய்ததும் இல்லைதான். ஆனாலும் விரலில் ஒட்டிய வெல்லத்தை நக்கும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பொங்கலுக்குக் கண்ணாடி வளையல் வந்தது. அதைத் தின்ன முடியாது. டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே உடையாமல் வைத்தேன். தை மாதத்தில் மாணவர்கள் மூன்று பேரும் இரண்டு வாரம் முகாமுக்கு வந்தார்கள். வீடு கலகலவென்று இருந்தது. பிறகு ஒரே ரயிலில் கிளம்பிப் போய்விட்டார்கள். அன்று வெயிலில் ஓடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தவன், "அம்மாடி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். சொன்னால் தகப்பனார் மகனை இழுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று இரண்டாகும், வகுப்பு மூடும். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். நானும் போய்விடுவேன் என்பது ஒன்று. அந்தப் பொய்த் தங்கையும் போய்விடுவாளே என்பது இன்னொன்று. எது பெரிதாக இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பரீட்சை முடிந்தது. மூன்று பேரும் தேறினார்கள். வகுப்பு நிரந்தரம், என் வேலையும் நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. மறுநாள் ஜாதகத்தையும் வளையல் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது பையனும் வீட்டில் இருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்குத் தங்கச்சி கிடையாதுங்க. நான் அன்னிக்கு மூணாவதுன்னு சொன்னது வகுப்புக்கு மூணாவது மாணவனை. நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. நான் அதைத் திருத்தலை. அப்புறம் நானே பொய்யும் சொன்னேன்."

தகப்பனார் ஜாதகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"அவன் படிக்கட்டும். சேந்தது சேந்துட்டான், பாதியில நிறுத்துனா ஊரு சிரிக்கும். நீங்க மட்டும் இந்த வூட்டுப் பக்கம் இனிமே வராதீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எழுந்தேன். அப்போதுதான் பையனின் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அதுவரை நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. வளையல் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"அப்ப பலகாரமெல்லாம்?"

"நான்தாம்மா சாப்பிட்டேன்."

"ஒத்தையிலயா?"

"ஆமாம்மா."

"அவளுக்கு முந்திரி உருண்டைன்னா உசுருன்னு சொல்லிவுட்டீங்களே. அதுக்குத்தானே மாசாமாசம் இடிச்சு அனுப்பினேன்."

"எனக்குத்தாம்மா அது பிடிக்கும்."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஏமாந்துவிட்டோம் என்று அழுகிற அழுகை அல்ல அது. ஒரு பெண் செத்துப்போனால் அழுகிற அழுகை. சித்திரையில் வரப்போகிறாள் என்று ஒரு வருஷமாய் மனத்தில் வைத்துச் சோறு போட்டவர் அல்லவா? தகப்பனார் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். பையனும் போய் நின்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவளுக்காக அழ எனக்கும் ஆசையாய் இருந்தது. அரியலூர் போய்ச் சேர்ந்து, கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுதேன்.