தாவூத் பாயின் நூற்று நாற்பது நாட்கள்

ஷேக் தாவூத் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். மத்திகிரியில் என் வீட்டுக்கு எதிர் வரிசையில் பதினொரு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சரளமாக வரும், ஆனால் விலையை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். எதிராளியின் கையைத் தன் துண்டுக்கு அடியில் பிடித்து, விரல்களை அழுத்திச் சொல்வார். விலை படிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரே தீக்குச்சியில் மூன்று பீடிகளைப் பற்றவைப்பார். வாங்கியவருக்கு ஒன்று, விற்றவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பேரம் முடிந்தது என்பதற்கு அவரிடம் அதுதான் அடையாளம்.

பதினாறு வயதில் தொடங்கிய பழக்கம் ஐம்பத்தாறு வயதில் நாளைக்கு இரண்டு கட்டு ஆகியிருந்தது. 2023 ஜனவரியில் அவருடைய இடது கால் கட்டைவிரல் நுனி கறுத்துப் புண்ணானது. மத்திகிரி நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் கெண்டைக்கால் இறுகிப்போய் இரண்டு இடத்தில் நிற்பார். காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டு வருகின்றன என்றார் கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர். பீடியை விட்டால் கால் தங்கலாம். விடாவிட்டால் முதலில் விரல், பிறகு அதற்கு மேலே. ஒன்றுகூடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

பிப்ரவரி 2, வியாழக்கிழமை மாலை, தாவூத் பாய் என் வீட்டு வாசலில் நின்று மிச்சமிருந்த கட்டைச் சாக்கடையில் போட்டார்.

"நீங்க ஒரு நோட்டுப் போடுங்க சார். விட்டுட்டேன்னு நானே சொல்லிக்கிட்டா எனக்கே நம்பிக்கை வராது. உங்க கையெழுத்துல இருந்தா சரிங்க."

நான் இங்குள்ள கால்நடைப் பண்ணையில் முப்பத்து நான்கு வருடம் பால் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். நோட்டுப் போடுவது எனக்குச் சிரமமில்லை. மறுநாளை முதல் நாளாக வைத்துக்கொண்டோம். தினமும் மாலைத் தொழுகை முடிந்து வருவார். நாள் எண், பீடி நினைப்பு வந்த நேரம், காரணம், அதற்கு அவர் செய்தது என்று நான்கு பத்தி.

அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. மூன்றாம் நாள் பதினான்கு முறை நினைப்பு வந்திருக்கிறது. ஒன்பது முறை டீ குடித்த பிறகு. அதனால் டீயை விட்டு ராகிக் கூழுக்கு மாறினார். ஒன்பதாம் நாள் காரணமில்லாமல் தட்டை வீசினார் என்று அவர் மனைவி தாஹிரா வந்து சொன்னார். பன்னிரண்டாம் நாள் தாவூத் பாய் ஒன்றைக் கண்டுபிடித்தார். நினைப்பு எவ்வளவு மோசமாக வந்தாலும் தெருக் குழாயில் ஒரு குடம் நிரம்பும் நேரம்தான் நிற்கிறது, அதற்குள் போய்விடுகிறது. அன்றிலிருந்து நினைப்பு வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார். பாய் வீட்டில் கல்யாணமா, இத்தனை தண்ணீர் எதற்கு என்று தெருவில் கேலி செய்தார்கள்.

ஐம்பதாம் நாள் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. பகலைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. நாற்பது வருடமாக நோன்புக் கஞ்சி குடித்த கையோடு பீடி பிடித்தவருக்கு மாலைதான் பயம். பேரீச்சங்கொட்டையை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே என் வீடுவரை நடந்து வருவார். அந்த மாதத்தையும் தாண்டினார். சந்தையில் பேரம் முடிந்தால் மூன்று ஏலக்காய் எடுத்து நீட்டினார். சிலர் சிரித்தார்கள், சிலர் வாங்கி மென்றார்கள். நூறாம் நாள் வாக்கில் விரலில் இருந்த புண் காய்ந்தது. நிறுத்தத்திலிருந்து ஒரே மூச்சில் நடந்து வந்து என் கேட்டைத் தட்டினார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 23, வெள்ளிக்கிழமை. பக்ரீத்துக்கு ஆறு நாள் முந்திய சந்தை. பாகலூர்ப் பக்கத்து விவசாயி மாதப்பன் தன் உழவு மாட்டு ஜோடியைக் கொண்டுவந்திருந்தார். விலை படிந்தது. ஆனால் கயிற்றைக் கொடுக்க மாதப்பனுக்குக் கை வரவில்லை. தாவூத் பாய் ஏலக்காயை நீட்டியதை அவர் வாங்கவில்லை. விலையில் வஞ்சம் இல்லையென்றால் எப்போதும் போல என்னோடு ஒரு பீடி பிடி என்று, தானே ஒன்றைப் பற்றவைத்து நீட்டினார். தாவூத் பாய் வாங்கிப் பாதி இழுத்துவிட்டுக் கீழே போட்டு மிதித்தார். மாதப்பன் கயிற்றைக் கொடுத்தார்.

தெரிந்தவர் யாரும் பார்க்கவில்லை. அன்று மாலை வழக்கமான நேரத்துக்கு வந்து, உட்காருவதற்கு முன்பே அவராகத்தான் சொன்னார். நான் நோட்டைத் திறந்தேன். நூற்று நாற்பத்தொன்று என்று எழுத வேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்டேன். நாளைக்கு ஒன்று என்று ஆரம்பிப்போம் என்றேன்.

அவர் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"அந்த நூத்தி நாப்பதும் போச்சுங்களா சார்?"

"ஒண்ணுகூடக் கூடாதுன்னுதானே பாய் டாக்டர் சொன்னாரு. உள்ளதைத்தான் எழுத முடியும்."

சரிங்க என்றார். இரண்டு நாள் வந்தார். ஒன்று, இரண்டு என்று எழுதினேன். மூன்றாம் நாள் வரவில்லை. பக்ரீத் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். சரியாக எழுதிவிட்டேன் என்ற திருப்திகூட எனக்கு இருந்தது. பிறகு என்னைக் கண்டால் சந்து வழியாகத் திரும்பத் தொடங்கினார். ஆகஸ்டில் பேருந்து நிறுத்தத்தில் அவர் விரலிடுக்கில் பீடியைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் உள்ளங்கைக்குள் மறைத்தார். சுட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை. அவராக வரட்டும் என்று இருந்தேன்.

நவம்பரில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். 2024 மார்ச் 6 அன்று இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பிய மறுநாள் பார்க்கப் போனேன். தாஹிரா நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் என்னென்னவோ பேசிவிட்டு, ஏன் பாய் வராமல் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சந்தையில் பல்லைப் பிடித்து மாட்டின் வயதைச் சொல்லும்போது பேசுகிற அதே குரலில் கேட்டார்.

"பண்ணையில ஒரு மாடு காய்ச்சல்ல ஒரு நாள் பால் கொடுக்கலைன்னா, அதுக்கு முன்னாடி கறந்ததை எல்லாம் அடிச்சிருவீங்களா சார்?"

பதில் எனக்குத் தெரியும். அந்த ஒரு நாளுக்கு நேராகச் சிறு கோடு போடுவோம். குறிப்பில் காய்ச்சல் என்று எழுதுவோம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். கறந்த பால் கறந்ததுதான். எத்தனையோ மாடுகளுக்கு அப்படி எழுதிய கை அது. எதிரே நின்றவர் மனிதர் என்பதால் கடுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டது.

"பூஜ்யம்னு ஆனப்புறம் அரை பீடிக்கும் ஒரு கட்டுக்கும் என்னங்க வித்தியாசம். அப்படித்தான் எனக்குப் பட்டது" என்றார்.

கோடு போட்டிருந்தால் கால் தங்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது எந்த நோட்டிலும் இல்லாத விஷயம். ஆனால் அவர் காலைக் கொண்டுபோனது அந்த அரை பீடி அல்ல, அதற்குப் பின்னால் வந்த எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தின் முதல் எழுத்து என்னுடையது.

மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் பீடி தொடவில்லை. இன்னும் வலது கால் இருக்கிறது. புது நோட்டு போடட்டுமா என்று நான் கேட்டபோது, வேண்டாம் சார், இந்தத் தடவை எண்ணலை என்றுவிட்டார். குடம் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போக இப்போது முடியாது. மாலையில் நான்தான் அவர் வீட்டுக்குப் போய் உட்காருகிறேன். அவருக்குப் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் கம்பெனிப் பையன்கள் சிகரெட் பிடித்தால் வாசனை நேராக அவர் ஜன்னலுக்கு வரும். அவர் தோளிலிருந்து துண்டை எடுப்பார். நான் கையை நீட்டுவேன். துண்டுக்கு அடியில் என் விரல்களை அழுத்தி, இல்லாத ஒரு மாட்டுக்கு விலை சொல்வார். நான் குறைத்துக் கேட்பேன். அவர் மறுப்பார். சில நாள் அழுத்துகிற அழுத்தத்தில் என் விரல் முட்டி வலிக்கும். அவர் பிடி தளரும்வரை பேரத்தை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருப்பேன்.