கை நடுக்கத்துக்கு மாத்திரை

எங்கள் பழைய காரில் வேகம் எழுபதைத் தாண்டினால் ஸ்டீரிங் பிடித்த என் கை நடுங்கும். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். “வண்டி நல்லாத்தானுங்க இருக்குது, உங்களுக்குத்தான் நடுக்கம்” என்று மனைவி சிரித்தாள். எட்டாவதோடு நின்ற நான், யார் எது சொன்னாலும் நம்பிவிடுவேன். டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கி விழுங்கினேன். அசதிதான் மிச்சம், நடுக்கம் போகவில்லை.

போன மாதம் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் கிளம்பினோம். துடியலூர் தாண்டியதும் கை மறுபடி ஆடியது. இனி என்னால் முடியாது என்று ஓரங்கட்டி, மகளை ஓட்டச் சொன்னேன். கொஞ்ச தூரத்தில் அவள் கையும் ஆடியது.

“ஏனுங்கப்பா, நானும் மாத்திரை திங்கோணுமா?” என்றாள். மனைவி சிரிக்கவில்லை.

மெதுவாக உருட்டிக்கொண்டே ஒரு டயர் கடைக்குப் போனோம். சக்கரத்தின் எடையைச் சமன்படுத்தும் வீல் பேலன்சிங்குக்காகக் கழற்றிய கடைக்காரர், முன் டயரின் உள்பக்கத்தைக் காட்டினார். முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. “இன்னும் கொஞ்சம் வேகமாப் போயிருந்தா வெடிச்சிருக்குமுங்க” என்றார்.

புது டயர் போட்டு பேலன்சிங் செய்ததும் ஆட்டம் நின்றது. இப்போதெல்லாம் ஸ்டீரிங் லேசாக அதிர்ந்தாலும் நேரே டயர் கடைக்குத்தான் போகிறேன். என்மீது சந்தேகப்படுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்கிறேன்.