ஓநாய் மாமா வருக வருக

“ஏம்மா மும்தாசு, நீ அடிச்ச போர்டால என் கல்யாண வீடு எழவு வீடு மாதிரி கெடக்கு. போட்டது போட்டபடி கெளம்பி வா!”

ஃபோனில் இப்படிக் கத்தியவர் பிச்சையா அண்ணாச்சி. அவர் மகன் கார்த்திக்குக்கு மறுநாள் காலையில் முகூர்த்தம்.

பேட்டையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிசைனும் நான்தான், மெஷினைப் பார்ப்பதும் நான்தான், வசவு வாங்குவதும் நான்தான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள், “யக்கா, எந்த வேலைக்கு ரொம்பப் பயந்தீங்க?” என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவர் படத்துக்குக் கீழே பிறந்தநாள் வாழ்த்து விழுந்த கதையெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

1. ஆர்டர்

கார்த்திக் ஹங்கேரி நாட்டில், புடாபெஸ்ட் நகரத்தில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்த்த பெண்ணையே கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். இங்கே அண்ணாச்சி சீக்கிரமே இறங்கி வந்துவிட்டார். அங்கே பெண்ணின் அப்பாதான் அசையவில்லை. மாப்பிள்ளை என்றைக்காவது ஊருக்குத் திரும்பிவிடுவான், மகளும் கூடவே போய்விடுவாள் என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தானே? மகள் அழுது அழுது கடைசியில் சரி என்றார். அதுவும் முழு மனதாக இல்லை. அதனால் அண்ணாச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம், “அந்த மனுசன் மொகம் கோணாம ஊர் திரும்பணும், எனக்கு அது போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நம்மூரில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் போர்டு வைக்காமல் கல்யாணம் நடக்குமா? கூட்டாளிகளுக்குத் தலைவன் இசக்கி. கடைக்கு வந்து, “யக்கா, பொண்ணு வீட்டாளுக பேருக்கெல்லாம் அர்த்தம் பாத்து வச்சிருக்கேன். அதையே பட்டமா போட்டு அசத்திருவோம்” என்றான்.

ஹங்கேரிக்காரர்கள் குடும்பப் பெயரை முன்னால் போட்டு, சொந்தப் பெயரைப் பின்னால் வைப்பார்களாம். நம் இனிஷியல் மாதிரிதான். சொந்தப் பெயர்களுக்கு அவன் ஒவ்வொன்றாக அர்த்தம் சொன்னான். மணப்பெண் விராக், அப்படியென்றால் மலர். அம்மா அரங்கா, தங்கம். தம்பி ஸோல்தான், சுல்தான்.

“எங்க தெருவுலயே மூணு சுல்தான் இருக்கானுவ. இதுக்கு ஹங்கேரிக்குப் போகணுமாக்கும்?” என்றேன். எனக்கும் பிடித்துப்போயிற்று. மலரும் தங்கமும் நம் வீட்டுப் பெயர்கள்தானே.

“அப்பா பேரு?”

“ஃபார்காஷ். ஓநாய்.”

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். “ஏலே, சம்பந்தியப் போயி ஓநாய்னு போடவா? கூறு இருக்கா ஒனக்கு? சிங்கம்னு போடுதேன். சிங்கத்துக்கு யாரும் கோவிக்க மாட்டாங்க.”

“பேரோட அர்த்தமே அதாம்க்கா. நீங்க சும்மா போடுங்க.”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடிக்கப்போகிற மாதிரியை, ப்ரூஃப் என்போம், ஃபோனில் அனுப்புவோம், கஸ்டமர் ஓகே சொன்னால் மெஷினில் ஏற்றிவிடுவோம். இசக்கி ஓகே போட்டு, கூடவே நாலு கட்டைவிரலும் அனுப்பினான். மாப்பிள்ளைக்கே தெரியாமல் செய்கிற வேலை என்பது எனக்குத் தெரியாது. “எங்கள் ஓநாய் மாமா வருக வருக” என்று அடித்துக் கொடுத்தேன். அவர் படத்துக்குப் பக்கத்தில் வானத்தைப் பார்த்து ஊளையிடுகிற ஓநாய் ஒன்று, ஆள் உயரத்துக்கு.

2. மண்டப வாசல்

ஃபோன் வந்ததும் வெறும் ‘நல்வரவு’ ஒன்றை அவசரமாக அடித்துச் சுருட்டி, வண்டியில் வைத்துக்கொண்டு பறந்தேன். மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் கூடி நின்றார்கள். அண்ணாச்சியின் மச்சினர் ஒருவர், “நம்ம விருந்து சுத்த சைவம். ஓநாய்க்கு என்னத்தப் போட?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கன்னமே சிவந்துபோயிருந்தது.

“கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துனாம்னு நெனைப்பாரேம்மா. இப்பமே மகளக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா நான் என்ன செய்ய?”

“பதறாதீங்க அண்ணாச்சி. இந்தா கழட்டிருவோம்.”

இசக்கி பேயறைந்தவன்போலக் கம்பில் ஏறினான். ஒரு பக்கக் கயிற்றைத்தான் அவிழ்த்திருப்பான், பெண் வீட்டார் கார் வந்துவிட்டது. யா அல்லா, ஒரு அஞ்சு நிமிஷம் தரக்கூடாதா என்று நினைத்தேன்.

முதலில் இறங்கியவர் பெண்ணின் அப்பாதான். நெட்டையான மனிதர், வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. நேரே போர்டைப் பார்த்தார். அதில் தன் படம், பக்கத்தில் ஓநாய். கூடவே வந்திறங்கிய கார்த்திக்கைக் கூப்பிட்டு எழுத்தைக் காட்டி ஏதோ கேட்டார். கார்த்திக்குக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இசக்கியை ஒரு முறை முறைத்துவிட்டு, அவர் பாஷையில் வாசித்துச் சொன்னான்.

அவர் போர்டுக்குக் கிட்டே போய், ஓநாயின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். தோள் குலுங்கியது. மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முடிஞ்சுது போ” என்றார் அண்ணாச்சி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த மனிதர் பேச ஆரம்பித்தார். கார்த்திக் பைய பையத் தமிழில் சொன்னான்.

“அவருக்கு முன்னால பொறந்த ரெண்டு அண்ணன்மாரும் தொட்டில்லயே போயிட்டாங்களாம்ப்பா. இவரு பொறந்ததும் அவரு அம்மா, சாவே கிட்ட வரப் பயப்படுத மாதிரி ஒரு பேரு வைக்கணும்னாங்களாம். அவங்க ஊர்ல அந்தக் காலத்துல அப்படி ஒரு பழக்கமாம். அதான் ஓநாய். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளெல்லாம் கேலி பண்ணுமாம். எதுக்கு இந்தப் பேருன்னு சொல்ல நெனச்சாலும் யாரும் காது குடுத்துக் கேட்டதில்லையாம். இம்புட்டு தூரம் தாண்டி வந்தா, தெரியாத ஊர்ல, தெரியாத எழுத்துல அதையே எழுதி வரவேற்குதாங்களேன்னு அழுதாரு. கோவம் இல்லப்பா.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கம்பில் தொங்கிக்கொண்டிருந்த இசக்கி, “அவுக்கவா, கட்டவா?” என்று கேட்டான். எல்லாரும் அண்ணாச்சியைத்தான் பார்த்தோம். அவர் மெல்ல எழுந்தார்.

“ஏலே, என் பேருக்கு என்ன அர்த்தம்னு அவருக்குச் சொல்லு.”

“அப்பா, பிச்சைன்னா...” என்று கார்த்திக் தயங்கினான்.

“பிச்சைன்னா பிச்சைன்னே சொல்லுலே. எனக்கு முன்னால பொறந்தது மூணும் தங்கலைன்னு சொல்லு. நான் பொறந்ததும் அம்மை என்னை முறத்துல கெடத்திப் பக்கத்து வீட்டுக்காரி கையில குடுத்துட்டா. பொறவு கொஞ்சம் தவிட்டக் குடுத்துத் திருப்பி வாங்குனா. இது பெத்த பிள்ளை இல்ல, பிச்சையா வந்த பிள்ளைன்னு எமன் நெனச்சுக்கிடட்டும்னு. எல்லாத்தையும் சொல்லு.”

முறம், தவிடு இதெல்லாவற்றையும் கார்த்திக் அந்தப் பாஷையில் எப்படிச் சொன்னானோ தெரியாது. பாதியை மகளும் கைஜாடையில் காட்டினாள். அவர் கேட்டு முடித்தார். இரண்டே எட்டில் வந்து அண்ணாச்சியை அப்படியே சேர்த்துக் கட்டிக்கொண்டார். அண்ணாச்சி நம்மூர் ஆள், கட்டிப்பிடித்துப் பழக்கமில்லாதவர். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அழுதார் என்றும் எழுதிவிடுகிறேன், அண்ணாச்சி கோவிக்க மாட்டார்.

“லே இசக்கி, இறுக்கிக் கட்டுலே!” என்றார். என் பக்கம் திரும்பி, “ஏம்மா, அதே அளவுல எனக்கும் ஒண்ணு அடிச்சுக் கொண்டா. முழுப் பேரையும் போடு.”

“என்ன படம் போடட்டும் அண்ணாச்சி?”

“முறம். அதுக்குள்ள ஒரு பிள்ளை.”

3. மறுநாள்

முறத்துக்குள் பிள்ளை படுத்திருக்கிற படம் கிடைக்காமல் நான் பட்ட பாடு தனிக்கதை. தனித்தனியாக எடுத்துச் சேர்த்து, பிள்ளையின் நிறத்தை மாற்றி, எப்படியோ ஒப்பேற்றினேன்.

தாலி கட்டி முடிந்ததும் சம்பந்திகள் இருவரும் வாசலுக்கு வந்து, அவரவர் போர்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் இடத்தை மாற்றி, அவர் முறத்துக்கு முன்னாலும் இவர் ஓநாய்க்கு முன்னாலும் நின்றார்கள். முந்தின நாள் சைவம் பேசின மச்சினர் வரிசையில் முதல் ஆளாகப் போய் நடுவில் நின்றார். பெண்ணின் அப்பா சாம்பாரை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணாச்சி முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை நான் எந்தப் போர்டிலும் அடித்ததில்லை.

அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். பெயருக்கு அர்த்தத்தை ஃபோன் சொல்லிவிடும். அந்தப் பெயரை எதற்காக வைத்தார்கள் என்பதைப் பெயருக்கு உரியவரிடம்தான் கேட்க வேண்டும். இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் டைப் அடிக்கிறேன். ஆர்டர் கொஞ்சம் தாமதமாகும், ஆகட்டும்.

கிளம்பும்போது அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். “நேத்து ஒன்னைய ரொம்பக் கத்திட்டேம்மா, மனசுல வச்சுக்கிடாத” என்றார். இரண்டு போர்டையும் பார்த்துக்கொண்டே, “எங்க ரெண்டு பேரு அம்மைமாரும் எங்களுக்குப் பேரு வைக்கல, மும்தாசு. எமன் பாத்துட்டுத் திரும்பிப் போகட்டும்னு வாசல்ல போர்டு வச்சிருக்காளுவ” என்றார்.